மீட்டுத் தருகிறோம்

கார்த்திகை மழை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான், தயாளினியின் கையிலிருந்து போன் நழுவி வாய்க்காலுக்குள் விழுந்தது.

குடையை அப்படியே கீழே போட்டாள். கைப்பையை மட்டும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு குனிந்தாள். கலங்கல் தண்ணீருக்குள் துழாவி எடுத்தபோது போனின் திரை கறுத்துப் போயிருந்தது. பொத்தானை அமத்தினாள்... மறுபடியும் அமத்தினாள்... உயிரில்லை.

காசை மீட்டுத் தருகிறோம் என்றவர்கள் ஐந்து மணிக்கு அழைப்பார்கள். இன்றைக்குத் தவறினால் இனி இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு போன் திருத்தும் கடை இருந்தது. மேசை விளக்கின் கீழ் ஒருவன் தலை குனிந்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தான். தயாளினி ஈரம் சொட்டச் சொட்டப் போய் நின்றாள். பார்மசி வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டு தண்ணீரில் பாரமாகத் தொங்கியது.

“அண்ணை, இதைக் கெதியாப் பாருங்கோ. அஞ்சு மணிக்குள்ளை வேணும்.”

அவன் நிமிர்ந்தான். நித்திரை குறைந்த கண்கள். அந்தக் கண்கள் அவளுடைய முகத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு, எதற்கோ பயந்ததுபோல் உடனே போனுக்கு இறங்கின.

“தண்ணிக்குள்ளை விழுந்ததோ?”

“இல்லை. வேர்த்துப் போச்சு.”

அவன் போனின் ஓரத்திலிருந்து ஒரு பச்சைத் துணுக்கை ஊசியால் எடுத்துக் காட்டினான். “உங்களுக்கு வேர்வையிலை பாசியும் வாறதோ?”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்து எவ்வளவோ காலமாகிவிட்டது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவன் போனின் முதுகைத் திறந்தான். துடைத்தான். சூடான காற்றுப் பிடித்தான். மெல்லிய நீண்ட விரல்கள். இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மடங்காமல் நின்றன. கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் திரையில் வெளிச்சம் வந்தது. வந்த கையோடு, வரிக்காசை இன்றைக்கே கட்டவேண்டும் என்று தேங்கி நின்ற குறுஞ்செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

அவனுடைய கை நின்றது.

“இந்தக் காசைக் கட்டாதேங்கோ” என்றான்.

தயாளினிக்கு முகம் எரிந்தது. “மற்றவையின்ரை போனைப் படிக்கிறதுதானோ உங்கடை தொழில்?”

“நான் படிக்கேல்லை. அது முன்னுக்கு வந்து விழுந்தது.”

“விழுந்தா? கண்ணை மூடுறதுக்கென்ன?”

“மூடியிருக்கலாம்...” என்றான். “ஆனா நீங்கள் போய்க் காசு கட்டிப்போடுவியள்.”

கைப்பைக்குள் அம்மாவின் காப்புகள் இருந்தன. அம்மா ஞானாம்பிகை அப்பாவுக்குத் தெரியாமல் அலுமாரியைத் திறந்து, ‘கொப்பருக்குச் சொல்லிப்போடாதை’ என்று தானே எடுத்துக் கொடுத்தவை. இனி அடகு வைக்கப் போக வேண்டியதுதான் பாக்கி. தயாளினி பையை இன்னும் இறுக்கினாள்.

“உங்களுக்கு என்ன தெரியும்? அவை என்ரை காசைக் கண்டுபிடிச்சிட்டினம். எந்தக் கணக்கிலை நிக்குது எண்டு படமும் அனுப்பினவை. வரியைக் கட்டினா விடுவிப்பினம்.”

“அஞ்சு மணிக்கு ஒரு பொம்பிளை போன் எடுப்பா” என்றான் அவன், போனைப் பார்த்தபடியே. “முதலிலை உங்களை ஏசுவா. ‘படிச்ச பிள்ளை, நீங்கள் எப்பிடி ஏமாந்தனீங்கள்’ எண்டு கேப்பா. பேந்து உங்கடை பக்கம் வந்து நிப்பா. தன்ரை தங்கச்சிக்கும் இப்பிடித்தான் நடந்தது எண்டுவா. வீட்டிலை ஆருக்கும் சொன்னனீங்களோ எண்டு கேப்பா. இல்லை எண்டு சொன்னா, நல்லது, சொல்லவேண்டாம் எண்டுவா. கடைசியாத்தான் காசுக்கதை வரும்.”

மழைச் சத்தத்துக்கு மேலாக அவனுடைய குரல் எழவே இல்லை. பாடமாக்கியதை ஒப்புவிப்பதுபோல் இருந்தது.

“எவ்வளவு தரவேணும்?” என்றாள், கதையை முறிக்க.

“நாளைக்குத் தாங்கோ.”

“கடன் வைக்க மாட்டன்.”

“அப்ப நாளைக்கு வந்து, நான் சொன்னது பிழை எண்டு ஏசிப்போட்டுத் தாங்கோ.”

ஐந்து மணிக்கு அழைப்பு வந்தது. பஸ் நிலையத் தூணோடு சாய்ந்து நின்று கேட்டாள். ஒரு பெண்குரல் ஏசியது. பிறகு கனிந்தது. தங்கைக்கும் இப்படித்தான் நடந்ததாம். வீட்டில் யாருக்கும் சொன்னீர்களா...?

தயாளினி பதில் சொல்லாமலே துண்டித்தாள். அந்தக் குரலைத்தான் இரண்டு கிழமையாக நம்பிக்கொண்டிருந்தாள். அதுவும் போயிற்று. பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி, நீர்வேலி வரும்வரை யன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மழை நனைத்த முகங்களுக்கு நடுவில் அவளுடைய முகம் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

*

நீர்வேலியில் அவர்களுக்கு ஒரு வாழைத்தோட்டம் இருந்தது. இப்போது அதில் பாதி இல்லை. தயாளினியின் கலியாணத்துக்கென்று அப்பா இளையதம்பி கிணற்றுக்கு மேற்கே இருந்த துண்டை விற்று, காசை அவள் பெயரிலேயே பாங்கில் போட்டிருந்தார்.

அந்த நாட்களில்தான் பிரகாஸ் என்றொருவன் பேஸ்புக்கில் கதைக்கத் தொடங்கினான். நோர்வேயில் என்ஜினியர் என்றான். பனிக்குள் நிற்கும் படம் ஒன்று அனுப்பினான். மாதக்கணக்கில் அவன் காசைப்பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவள் சாப்பிட்டாளா, பார்மசியில் கால் நோக நின்றாளா என்றுதான் கேட்டான். பிறகு ஒருநாள், தான் கிரிப்டோ என்கிற இணைய நாணயத்தில் போடும் காசு எப்படி வளருகிறது என்று ஒரு செயலியில் காட்டினான். அவளும் கொஞ்சம் போட்டாள். வளர்ந்தது. எடுக்கவும் முடிந்தது. அந்தக் காசில் அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கினாள்.

அதன்பிறகு எல்லாவற்றையும் போட்டாள். எடுக்கப் போனபோது வரி கட்டு என்றது. கட்டினாள். அடுத்த நாள் காலை அந்தச் செயலியும் இல்லை, பிரகாஸும் இல்லை. பேசி வைத்திருந்த கொக்குவில் மாப்பிள்ளை வீட்டார் விசயம் கேள்விப்பட்டு, சாதகம் சரிவரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்பா ஏசவில்லை. விற்ற துண்டின் வேலியோரமாக நடப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த நாள் தயாளினி கடைக்குப் போனாள். அவனுடைய பெயர் ஜெயதீபன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பருத்தித்துறைக் கடற்கரையோரம் வீடு.

“நீங்கள் சொன்ன மாதிரியே கதைச்சா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கடைக்கு வாற ஆக்கள் சொல்லுறவை” என்று அவன் விளக்கை இழுத்துச் சரிசெய்தான்.

“என்ரை காசு திரும்ப வராதோ?”

அவன் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தான். பிறகு, ஆறுதல் எதுவும் கலக்காமல் சொன்னான். “கிரிப்டோவா மாறி வெளியாலை போனது வராது. வரும் எண்டு ஆரும் சொன்னா, அவையும் கள்ளர். நீங்கள் முதல் போட்ட காசு எந்தக் கணக்குக்குப் போனது?”

“இஞ்சத்தைப் பாங்க்தான். ஆரோ ஒரு மனுசியின்ரை பேர்.”

“அப்ப பொலிஸிலை முறைப்பாடு குடுங்கோ. அந்தக் கணக்கை முடக்கலாம். மிச்சம் கிடந்தாக் கொஞ்சம் வரும். அது மட்டும்தான் கையிலை பிடிக்கக்கூடியது.”

தனியே போக அவளுக்குக் கால் வரவில்லை. அவன் கடையைப் பூட்டிக்கொண்டு கூட வந்தான். பொலிஸ் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் எல்லாரும் கேட்கிற மாதிரி, “உவனைக் காதலிச்சனீங்களோ?” என்றார். தயாளினி தலைகுனிந்தாள்.

“அவ காசைப் பற்றித்தான் முறைப்பாடு குடுக்கிறா” என்றான் ஜெயதீபன், அமைதியாக. “அதை எழுதுங்கோ.”

அந்த ஒரு வசனத்தில் அவளுடைய கழுத்து நிமிர்ந்தது. ‘யாரிவன்... என்னுடைய மானத்துக்குக் காவல் நிற்கிறானே...’

*

இருவருக்கும் ஒரே பஸ். பின்னேரங்களில் அவன் கடையைப் பூட்டும் நேரமும் அவள் பார்மசியிலிருந்து இறங்கும் நேரமும் எப்படியோ ஒன்றாகிவிட்டன. அவன் இருக்கை கிடைத்தாலும் இருக்க மாட்டான். கதவடியில் நின்று, காற்று முகத்தில் அடிக்கப் போவான்.

“உங்கை நிண்டு நனையிறதிலை என்ன சுகம்?”

“பூட்டின இடத்திலை இருக்க ஏலாது எனக்கு.”

“விழுந்தா?”

“விழுந்தா உங்கடை போனுக்கு வைத்தியம் பாத்த மாதிரி, எனக்கு நீங்கள் பாருங்கோ. பார்மசிதானே.”

“எங்கடை பார்மசியிலை விசருக்கு மருந்து இல்லை.”

அவன் சிரித்தால் கண்கள் கொஞ்சம் தாமதித்துத்தான் சிரிக்கும். அந்தத் தாமதத்துக்காகவே அவள் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள். ‘அண்ணை’ என்று கூப்பிடுவது எப்போது நின்றதென்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. அவன் ஒரு குறுஞ்செய்தியும் அனுப்புவதில்லை. அவள் எழுதினால், ‘ஓம்’ என்று வரும். இல்லாவிட்டால் ‘சரி’ என்று வரும்.

“போன் கடைக்காரருக்கு ஒரு மெசேஜ் போடத் தெரியாதோ?” என்று கேட்டாள் ஒருநாள்.

“எனக்கு எழுத வராது.”

“ஓ.எல். சோதினையிலை தமிழுக்கு என்ன எடுத்தனீங்கள்?”

“ஏ.”

“அப்ப?”

“அதுதான் பிரச்சினை” என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தான். கோப்பாய் வயல்களில் மழைத்தண்ணீர் விரிந்து கிடந்தது. அவள் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டாள்.

பிரகாஸ் எழுதிய அழகான வரிகளுக்குப் பிறகு இந்த ‘ஓம்’, ‘சரி’ அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது... வடிவாகக் கதைக்கத் தெரியாதவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தாள்.

யாரோ பஸ்ஸில் கண்டு வீட்டில் சொல்லிவிட்டார்கள். அம்மா அடுப்படியில் வைத்துக் கேட்டாள். “பருத்தித்துறைப் பெடியனாம். கடற்கரை ஆக்களாம். கொப்பர் என்ன சொல்லுவார் எண்டு யோசிச்சனியோ?”

“சாதி பாக்கிறதுக்கு எங்களிட்டை இனிக் காணியும் இல்லையம்மா.”

சொன்ன பிறகுதான் பின்கதவடியில் அப்பா நிற்பதைக் கண்டாள். அவர் கால் கழுவிவிட்டு, ஒன்றுமே கேளாதவர்போல் உள்ளே போனார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

*

தை பிறக்க முன் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பொழுதுபடும் நேரம். கரண்ட் இல்லை. வாழையிலைகளில் மழை அடிக்கும் சத்தம் மட்டும்தான். கண்ணை மூடினால் போதும், அந்தச் செயலியில் இலக்கங்கள் ஏறுவதும் இறங்குவதுமாகக் காய்ச்சலுக்குள் ஓடியது.

‘நித்திரையே வருதில்லை. கண் மூடப் பயமாக் கிடக்கு’ என்று ஜெயதீபனுக்கு எழுதினாள்.

வழமைபோல் ‘ஓம்’ வரவில்லை. வெகுநேரம் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான். பிறகு வந்தது.

‘கண்ணை மூடுங்கோ. நித்திரை வராட்டிலும் பரவாயில்லை. உங்களுக்காக நான் முழிச்சிருக்கிறன்.’

வாசித்ததும் காய்ச்சலையும் மீறி உடம்பு குளிர்ந்தது.

இந்த வசனம் அவளுக்குத் தெரியும். சொல்லுக்குச் சொல் தெரியும். பிரகாஸின் பழைய உரையாடலைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். அங்கே இருந்தது. ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தது. அந்த வசனத்துக்காகத்தான் அன்றைக்கு முதன்முதலாக அவள் பிரகாஸைத் தன்னுடையவன் என்று நினைத்தாள்.

மறுநாள் காய்ச்சலோடு பஸ் ஏறிப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. போனை அவனுக்கு முன்னால் வைத்தாள்.

“நீங்கள்தானோ பிரகாஸ்?”

அவன் பார்த்தான். முகம் வெளிறிப்போனது.

“இல்லை” என்றான். “நான் பிரகாஸ் இல்லை.”

“அப்ப இந்த வசனம்?”

“...அது என்ரை.”

அவன் எழுந்து கடையின் கதவை இன்னும் அகலத் திறந்துவிட்டு வந்து இருந்தான்.

“தாய்லாந்திலை கம்பியூட்டர் வேலை எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். போய் இறங்கின பிறகு ஆற்றைக் கடத்தி மியன்மாருக்குள்ளை கொண்டுபோச்சினம். முள்ளுக்கம்பி அடிச்ச பெரிய கட்டடம். வெளிநாட்டிலை இருக்கிற தமிழாக்களுக்கும், இஞ்சை உள்ள ஆக்களுக்கும் தமிழிலை கதைச்சுக் காசு பறிக்க வேணும் எண்டு எங்கள் நாலு பேரைப் பிரிச்சு வைச்சவை. நான் எழுதினது சப்பெண்டு இருக்கு எண்டு அடிச்சவங்கள்...” இடது கையை மேசைக்கு மேல் வைத்தான். மடங்காத இரண்டு விரல்கள். “பிறகு நல்லா எழுதினன். மற்றவையும் பாத்து அனுப்பச் சொல்லி, நான் எழுதினதை எல்லாருக்கும் குடுத்தவங்கள்.”

“எனக்குப் பொய் சொன்னீங்கள். கடைக்கு வாற ஆக்கள் சொன்னவை எண்டு.”

“ஓம்.”

“அந்தப் பொம்பிளை... காசை மீட்டுத் தாறன் எண்டவ?”

“அவையும் அதே கட்டடம்தான். நாங்கள் ரெண்டாம் மாடி. அவை மூண்டாம் மாடி. எங்களிட்டைக் காசு விட்ட ஆக்களின்ரை பேர் மேலை போகும். ஒருக்கா அழுதவையிட்டை ரெண்டாம்தரம் எடுக்கிறது லேசு எண்டு சொல்லுவாங்கள்.” அவன் மூச்சை இழுத்தான். “அம்மா வள்ளத்தையும் எஞ்சினையும் வித்துக் கட்டித்தான் என்னை வெளியிலை எடுத்தவ.”

தயாளினிக்கு அவனுடைய விரல்கள் தெரிந்தன. அவனுடைய அம்மாவின் வள்ளமும் தெரிந்தது. ஆனால் கிணற்றுக்கு மேற்கே இருந்த தோட்டமும் தெரிந்தது. அங்கே யாரோ இப்போது மதில் கட்டுகிறார்கள்.

“இதிலை எத்தினை வசனம் உங்கடை?” என்றாள்.

“வேண்டாம், தயா.”

“காட்டுங்கோ.”

அவன் போனை எடுத்தான். ஒவ்வொன்றாகத் தள்ளினான். “இது என்ரை இல்லை... இதுவும் இல்லை... இது என்ரை. ‘காலை வெந்நீரிலை வைச்சிட்டுப் படுங்கோ’... இதுவும் என்ரை. அது எங்கடை அம்மா சந்தையாலை வந்து செய்யிறது. ‘முழிச்சிருக்கிறன்’... சண்டை நேரம் பங்கருக்குள்ளை அம்மா எனக்குச் சொன்னது. எழுத வேறை ஒண்டும் இருக்கேல்லை எனக்கு. வீட்டிலை இருந்ததைத்தான் எடுத்துக் குடுத்தன்.”

காசு கேட்ட வசனம் ஒன்றும் அவனுடையது அல்ல. அவள் பாடமாக்கி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் அவனுடையவை.

‘அப்ப நான் யாரை நம்பினேன்... யாரை நேசித்தேன்...’

“காணும், நிப்பாட்டுங்கோ” என்றாள். போனைப் பறித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். அவன் கூப்பிடவில்லை.

*

அதன்பிறகு தயாளினி ஒரு பஸ் முந்திப் போனாள். காய்ச்சல் மாறியது. வாய்க்கசப்பு மாறவில்லை. அவனை நினைத்தால் கோபம் வந்தது. கோபப்பட்டு முடிந்ததும் அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. பார்மசியில் ஒருநாள், முறிவுக்கு எண்ணெய் கேட்டு வந்த கிழவரிடம், “விரல் மடங்காட்டி இது சரிவருமோ?” என்று அவளே திருப்பிக் கேட்டுவிட்டு வெட்கப்பட்டாள்.

மாசியில் பொலிஸில் இருந்து அழைத்தார்கள். கணக்கு வைத்திருந்த பெண்ணைப் பிடித்துவிட்டார்களாம். நீதிமன்றத்துக்கு வரவேண்டுமாம். “ஜெயதீபன் எண்ட ஆள் தானாவே வந்து வாக்குமூலம் தந்திருக்கிறார், மிஸ். அங்கை நடந்ததெல்லாம் சொல்லியிருக்கிறார். நாங்கள் அவரைக் கூப்பிடேல்லை.”

அப்பாவும் கூட வந்தார். வெள்ளை வேட்டி, சால்வை, கையில் குடை.

கூண்டில் நின்றவள் ஒரு கைக்குழந்தைக்காரி. யாரோ மாதம் கொஞ்சம் தருகிறோம் என்று சொல்ல, பாங்க் அட்டையைக் கொடுத்தவளாம். எதற்கென்று கேட்கவில்லையாம். குழந்தை அழுதபோது அவளும் அழுதாள். முடக்கிய கணக்கில் மிஞ்சியிருந்ததை முறைப்பாட்டுக்காரர் எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்க உத்தரவானது. தயாளினியின் பங்கில் ஒரு பழைய சைக்கிள் வாங்கலாம். அவ்வளவுதான். காணி விற்ற காசில் திரும்பி வந்தது அவ்வளவுதான்.

அப்பா அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, “சரி” என்றார். “நான் பஸ்ராண்டடித் தேத்தண்ணிக் கடையிலை இருக்கிறன். நீ கையெழுத்தை வைச்சிட்டு வா.”

வெளி விறாந்தையில் ஜெயதீபன் நின்றான். மெலிந்திருந்தான். காலம் தப்பிய மழை ஒன்று தொடங்கியிருந்தது. தயாளினி அவனைக் கடந்து போக நினைத்தாள். முடியவில்லை.

“பொலிஸிலை போய்ச் சொன்னியளாம்.”

“ஓம்.”

“எனக்காகவோ?”

“அப்பிடிச் சொன்னா, அதுவும் நான் அங்கை எழுதிக் குடுத்த வசனம் மாதிரித்தான் கிடக்கும்” என்றான். “உங்களிட்டைச் சொன்ன பிறகு மற்ற ஆக்களிட்டைச் சொல்லாமல் இருக்க ஏலேல்லை.”

“உங்களைப் பிடிக்கேல்லையோ அவை?”

“நானும் பாதிக்கப்பட்ட ஆளாம். போகச் சொல்லிச்சினம்.” கூண்டில் நின்ற பெண் குழந்தையோடு பொலிஸ்காரிக்குப் பின்னால் போவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். “அவவை விடேல்லை.”

தூவானம் இருவர் மீதும் அடித்தது. இருவரும் உள்ளே நகரவில்லை.

“எனக்கு உங்களிலை கோவம்” என்றாள். “அது போகாது. அப்பா கிணத்தடிக்குப் போற நேரமெல்லாம் வரும்.”

“வரட்டும்.”

“பிரகாஸ் எழுதினதிலை எனக்குப் பிடிச்சதெல்லாம் உங்கடை. அதுதான் என்னாலை ஏலாமக் கிடக்கு. எது என்னை ஏமாத்தினது, எது என்னோடை நிண்டது எண்டு பிரிக்கத் தெரியேல்லை எனக்கு...” குரல் உடைந்தது. திருத்திக்கொண்டாள். “ஏதும் சொல்லுங்கோவன். சும்மா நிக்கிறியள்.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முதல்நாள் பார்த்ததுபோல் இறங்கி ஓடாமல், அந்தக் கண்கள் அவளுடைய கண்களிலேயே நின்றன.

“எனக்கு உங்களைப் பிடிக்கும், தயா. இதைவிட வடிவாச் சொல்ல எனக்குத் தெரியும். சொல்ல மாட்டன்.”

மழை பெய்துகொண்டிருந்தது. தயாளினி துப்பட்டாத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“அப்பா பஸ்ராண்டிலை, மூலைத் தேத்தண்ணிக் கடையிலை இருக்கிறார். போய்ச் சொல்லுங்கோ. நீங்கள் எங்கை இருந்தனீங்கள், என்ன எழுதினனீங்கள் எல்லாத்தையும். அதை முதலிலை சொல்லுங்கோ. இப்ப எனக்குச் சொன்னதைப் பேந்து சொல்லுங்கோ. மாறிச் சொன்னா, இனி என்ரை முகத்திலை முழிக்காதேங்கோ.”

“அவர் அடிச்சாலும் அடிப்பார்.”

“அடிக்கட்டும்.”

அவன் குடையில்லாமல் இறங்கிப் போனான்.

கையெழுத்து வைத்துவிட்டு அவள் பஸ் நிலையத்துக்கு வந்தபோது, கடைக்குள் அப்பா இருந்தார். அவன் மேசைக்கு முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த தேத்தண்ணி வாய்க்குப் போகாமல் நின்றது. ஒரு தடவை அவர் எழும்பினார். அவன் பின்னுக்குப் போகவில்லை. அவர் திரும்ப இருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் இருந்தார். அவன் சொல்லி முடித்துவிட்டான்போல.

அப்பா தேத்தண்ணிக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“பஸ் வெளிக்கிடப்போகுது. வா.”

தயாளினி அசையவில்லை. அவருக்குப் பின்னால், கொஞ்சத் தூரத்தில், தண்ணீர் வடிய ஜெயதீபன் நின்றான்.

“எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, அப்பா.”

அவனுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

இளையதம்பி குடையை விரித்தார். “தெரியும். இல்லாட்டி ஏன் அவனை என்னட்டை அனுப்பினனீ?” என்றார். பிறகு, “ஏறு” என்றார்.

பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஜெயதீபன் கதவடியில் நின்றான். கண்டக்டர் அவனிடம் கை நீட்ட, அவன் நனைந்த சேட்டுப் பைக்குள் காசைத் தேடினான். அதற்குள் அப்பா முன்னாலிருந்து காசுத் தாளை நீட்டிவிட்டார்.

“மூண்டு பேர்” என்றார், யாரையும் பாராமல். “ரெண்டு நீர்வேலி. ஒண்டு பருத்தித்துறை.”